மூன்றாம் நாள் போஸ்ட்கார்டு

ஒரே ஒரு போஸ்ட்கார்டால் ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பகிரங்கமாகச் சொல்ல முடிகிறது. பென்ஷன் ஆர்டர் கைக்கு வரும்வரை மனிதன் தன் தவறுகளை அடக்கமாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

சமீபத்தில், காசநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேசும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது வைத்தியம் ஆறே மாதம். நான் வேலையில் இருந்த காலத்தில் பதினெட்டு மாதம். அதில் முதல் இரண்டு மாதம் தினமும் ஊசி வேறு. ஒரு பெண் எழுந்து, "பதினெட்டு மாசம் எப்படி சார் விடாம சாப்பிட வெச்சீங்க?" என்று கேட்டாள். "நான் வைக்கவில்லை அம்மா. என்னைப் பார்த்து இரக்கப்பட்டு அவர்களே சாப்பிட்டார்கள்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் குறிப்பெடுக்கவில்லை. உண்மையைச் சொல்லும்போது பேனாவை மூடிவிடுவது பயிற்சி வகுப்புகளின் மரபு. அதனால் நானே எழுதிவைக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரி உத்திரமேரூர் வட்டாரத்தில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்தேன். பயிற்சி சில மாதங்கள். தொண்டையிலிருந்து துப்புவது எச்சில், நெஞ்சிலிருந்து வருவதுதான் சளி; பரிசோதனைக்கு வேண்டியது இரண்டாவது என்பதை நோயாளிக்கு இருமிக் காட்டிப் புரியவைக்க வேண்டும். எங்கள் அணியில் மிகச் சிறப்பாக இருமியவன் நான்தான். சான்றிதழில் ஏனோ அதைக் குறிப்பிடவில்லை.

வேலையின் உயிர் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. அதில் முப்பத்தோரு அறைகள், தேதிக்கு ஒன்று. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிகிச்சை அட்டை. ஏழாம் தேதி மாத்திரை வாங்க வேண்டியவரின் அட்டை ஏழாம் அறையில் நிற்கும். அவர் வந்து மாத்திரை வாங்கியதும் குறித்துவிட்டு, அடுத்த மாதம் அவர் வர வேண்டிய தேதியின் அறைக்கு மாற்றுவேன். மாலையில் ஏழாம் அறையில் எந்த அட்டை மிச்சம் நிற்கிறதோ அவர் வரவில்லை என்று பொருள். மூன்று நாள் பொறுக்க வேண்டும். மூன்றாம் நாள் போஸ்ட்கார்டு போட வேண்டும். அதற்கும் வராவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போக வேண்டும்.

போஸ்ட்கார்டு அச்சடித்தது. மேலே கொட்டை எழுத்தில் 'காசநோய் சிகிச்சைப் பிரிவு'. கீழே: '............ அவர்களுக்கு, தாங்கள் வரவேண்டிய தேதியில் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நோய் குணமானதுபோல் தோன்றினாலும் சிகிச்சையை நடுவில் நிறுத்தக்கூடாது. உடனே வரவும்.' புள்ளிக்கோட்டில் பெயரை நிரப்புவது மட்டும்தான் என் இலக்கியப் பணி. அழகாக நிரப்புவேன். கையெழுத்துக்காகவே ஒரு நாள் பாராட்டு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

ரேணுகாவுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். தாய்வீடு திருப்புலிவனம். வாழ்க்கைப்பட்டது மாகறல் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். எட்டாவது படித்தவள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது இருமல் விடாமல் இருந்து, எங்களிடம் வந்து நோய் தெரிந்தது. இரண்டு மாத ஊசியையும் தாய்வீட்டில் தங்கியே முடித்துக்கொண்டாள். பிறகு மாத்திரையோடு மாமியார் வீட்டுக்குப் புறப்படும் முன்பு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், அங்க யாருக்கும் தெரியாது. கடுதாசி கிடுதாசி போட்டுடாதீங்க, வூட்டுக்கும் வந்துடாதீங்க. நானே ஒயுங்கா வந்துடுவேன்."

தலையாட்டினேன். அட்டையில் பெயர், வயது, எடை, சளி முடிவு, விலாசம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அவள் சொன்னதற்கு மட்டும் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத விஷயத்தை நினைவில் வைத்திருக்க எனக்குச் சம்பளம் தரவில்லை என்று அப்போது நினைத்திருப்பேன் போல.

நான்கு மாதம் தவறாமல் வந்தாள். ஐந்தாம் மாதம் நடவு. அவளுடைய அட்டை அறையிலேயே நின்றது. மூன்றாம் நாள், வழக்கம்போல அழகான கையெழுத்தில் நிரப்பி, தபாலில் சேர்த்தேன்.

அவள் வரவில்லை. அடுத்த வாரம் செய்யாற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மாமனார் கன்னியப்பன் களத்தில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் வைக்கோலைக் கீழே போட்டார்.

"நீதான் அந்தக் கார்டு போட்ட ஆளா? வா, வா. ஒன்னதான் பாக்கணும்னு இருந்தேன்."

நடந்ததை அவரே சொன்னார். பம்ப் செட்டுக்குக் கரண்டு கேட்டு எழுதிப்போட்டு நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர். சர்க்கார் கார்டு என்று தபால்காரர் நீட்டியதும், கரண்டுதான் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். வீட்டில் அப்போது எழுத்துத் தெரிந்தவர் யாரும் இல்லை. ரேணுகா கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு பேருக்குக் கேக்கறா மாரி ஒரக்கப் படிப்பான்னேன். பங்காளிங்கல்லாம் நின்னுக்கினு கீறாங்க, கேட்டு வயிறு எரியட்டும்னு சொன்னேன். அவன் படிச்சான். யாரு வயிறு எரிஞ்சிது? எங்க வயிறு."

"அவங்களுக்கு இப்போ குணமாகிட்டு வருது. பக்கத்துல இருந்தா ஒட்டாது" என்று ஆரம்பித்தேன்.

"இன்னா சார் பேசற நீ? கவர்மெண்டே எய்திட்டான் நோயின்னு. அவள ஆத்தா வூட்டுல உட்டுட்டு வந்துட்டான் எம்மவன். கொயந்த இங்க கீது. நீ கெளம்பு, இருக்கற பேஜாரு போதும்."

அந்த மகன் மூர்த்தி கொஞ்ச தூரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா பேசும்போது மாடுகூடத் தலையை ஆட்டியது, அவன் ஆட்டவில்லை. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

இனி எங்கள் டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர். கோபமே வராது. எதைச் சொன்னாலும் முதலில் "அப்படியா" என்பார். அதை அவர் சொல்லும் விதத்தில், நாம் சொன்னதை நாமே ஒருமுறை திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். உட்கார்ந்து நோயாளியைப் பார்க்க மாட்டார். பக்கத்தில் போய் நிற்பார். எந்த அட்டையை நீட்டினாலும் அதில் எழுதாத ஒன்றைத்தான் கேட்பார். "இவருக்குச் சோறு யார் போடறாங்க?" "இந்த அம்மா எதுல வந்தாங்க, பஸ்ஸா, நடந்தா?" எனக்குத் தெரியாது. "கேட்டுட்டு வாங்க வேதாசலம் சார்." இப்படி வாசலுக்கும் மேஜைக்குமாக ஓடி நான் இளைத்திருந்தேன்.

மாகறல் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியா" என்றார். பிறகு, "அந்தப் போஸ்ட்கார்டு ஒண்ணு இருக்கா?"

ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"ரேணுகா இருந்த இடத்துல உங்க பேரைப் போட்டு, படிங்க."

மெதுவாக ஆரம்பித்தேன்.

"அங்கே உரக்கப் படிச்சாங்களாமே."

வெளியே பெஞ்சில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். உரக்கப் படித்தேன். 'காசநோய் சிகிச்சைப் பிரிவு. வேதாசலம் அவர்களுக்கு.' முதல் வரி முடிவதற்குள் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், இவருக்குமா?" என்றார். அச்சில் இருந்தது நான்கே வரி. அவ்வளவு நீளமான எழுத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் படித்ததில்லை.

"இப்ப திருப்புலிவனம் போங்க. போய்ப் பேச வேண்டாம். கேளுங்க" என்றார் டாக்டரம்மா.

ரேணுகா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரத்துணியை ஓங்கி உதறினாள். பாதி நீர் என் சட்டையில்.

"வாங்க சார், கார்டு போடற சாரு! இந்த ஊர்லயும் ஒரு போஸ்ட்மேன் கீறாரு. அவருக்கும் நல்லா படிக்க வரும். கூட்டியாரட்டுமா?"

நான் நின்றேன். கேட்கச் சொல்லியிருந்தார்களே.

"மாத்திர சாப்டறத நிறுத்திட்டேன். எதுக்குத் துன்னணும்? எங்கொயந்த அங்க கீது. மாமியா கையால பாலு குடிச்சிக்கினு, என்ன மறந்துக்கினு கீது. அத கொண்டாந்து எம்மடில போடுங்க, அந்த நிமிசமே முயுங்கறேன். அதுவரிக்கும் நீங்க மாத்திரப் பெட்டி தூக்கினு வராதீங்க."

இதுதான் நிலைமை. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும். வந்தால் பழைய மருந்து கேட்காமல் போகலாம். நாட்கள்தான் கையில் இருந்தன, மாதங்கள் இல்லை. குழந்தையை வரவழைக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. எனக்கிருந்த ஒரே அதிகாரம் போஸ்ட்கார்டு. அது செய்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாத்திரையை அவளுடைய அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அட்டையில் ஒரு கட்டத்தைத் தொட்டார். 'வீட்டில் உள்ளோர் பரிசோதிக்கப்பட்டனரா?' நான் அதில் ஒரு சின்ன கோடு போட்டிருந்தேன். ஆம் என்றும் படிக்கலாம், இல்லை என்றும் படிக்கலாம் என்கிற மாதிரி அரசாங்கக் கோடு.

"இது என்ன சார்?"

"அப்போ போகலைங்கம்மா. ரேணுகாதான் வீட்டுக்கு வர வேண்டாம்னாங்க."

"அது ஞாபகம் இருந்தது. கடிதம் வேண்டாம்னதுதான் மறந்து போச்சு." கோபமில்லாமல்தான் சொன்னார். "குழந்தையைப் பார்த்தே ஆகணும். நாளைக்குப் போவோம்."

மறுநாள் ஜீப்பில் போனோம். டாக்டரம்மாவைப் பார்த்ததும் கன்னியப்பனின் குரல் பாதியாக இறங்கியது. நாற்காலி வந்தது, அவர் உட்காரவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், எடை பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றார். இதற்கிடையே கன்னியப்பன் பம்ப் செட் குறைகளை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நடுநடுவே இருமினார். டாக்டரம்மா குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் விரல்கள் குழந்தையின் முதுகில் ஒவ்வோர் இருமலுக்கும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"எத்தனை நாளா ஐயா இருமல்?"

"இதும்மா? பீடி இருமல். அது கெடக்குது."

"வீட்ல எல்லாரும் சளி குடுக்கணும். சின்னவங்க பெரியவங்க கிடையாது. வேதாசலம் சார் எப்படின்னு காட்டுவார்."

மாமனார், மாமியார், மகன் மூவருக்கும் டப்பா கொடுத்தேன். பயிற்சியில் கற்ற வித்தையை முதல்முறையாக முழு மரியாதையோடு அரங்கேற்றினேன். ஊர்ப் பிள்ளைகள் வேலியோரம் நின்று திரும்ப இருமிக் காட்டினார்கள்.

சோதனை முடிவில் இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது சீட்டில் சிவப்பு மை. கன்னியப்பன்.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்ததை மறைக்கப்போவதில்லை. இன்னொரு கார்டு. அதே தபால்காரர். அதே பங்காளிகள். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. ரேணுகாவுக்கு இதைவிட நியாயம் வேறென்ன?

"போஸ்ட்கார்டு எத்தனை மிச்சம் இருக்கு வேதாசலம் சார்?" என்றார் டாக்டரம்மா, நிமிராமலே.

"ஒரு கட்டு இருக்குங்கம்மா."

"இங்க வையுங்க." தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "யாருடைய நோயையும் நாம சொல்றதில்லை. அவர்கிட்ட மட்டும் போய்ச் சொல்லுங்க."

சந்தைநாள் காலையில் அவர் உத்திரமேரூருக்கு வருவார் என்று விசாரித்து, ஏரிக்கரையில் போய் நின்றேன். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். சொன்னேன். மாட்டை விட்டுவிட்டார், அது தானாகப் போய்க் கரைச்சரிவில் மேய ஆரம்பித்தது.

"எனக்கா? அந்தப் பொண்ணுகிட்டேந்து ஒட்டிக்கிச்சி, பாத்தியா."

"உங்களுக்கு இருமல் எப்போ ஆரம்பிச்சது?"

"போன வருசம் ஆடிலேந்து கீது."

"ரேணுகாவுக்கு?"

"அவளுக்குத் தையில..." என்றவர் விரலை மடக்கினார். ஆடி, ஆவணி, புரட்டாசி. ஒரு கை முடிந்து அடுத்த கைக்கு வந்தார். நின்றார். தையிலிருந்து பின்பக்கமாக ஒருமுறை மடக்கிப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஆடி முன்னால்தான் நின்றது.

மடக்கிய விரல்களைப் பிரித்துவிட்டு, "ஊர்ல சொல்லிடாத சார்" என்றார்.

"சொல்ல மாட்டோம்."

"கார்டு?"

"கார்டும் கிடையாது."

"மருமவகிட்ட?"

"அவங்ககிட்டயும் சொல்ல மாட்டோம். அதுதான் எங்க சட்டம்."

அவர் என்னையே பார்த்தார். "நீ யாருக்கும் சொல்லாம போனா, அப்ப அவளுக்கு இன்னா நாயம்?"

"அதை நான் சொல்ல முடியாதுங்க" என்றேன். என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் சரியாகப் பேசிய வாக்கியம் இது ஒன்றுதான். அதுவும் வேறு பதில் தெரியாததால் வந்தது.

மாட்டைப் பிடிக்க இறங்கிப் போனார். சந்தைக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பினார்.

பிறகு நடந்ததை ரேணுகா சொல்லித்தான் தெரியும். மறுநாள் காலையில் திருப்புலிவனத்தில் மாட்டுவண்டி வந்து நின்றிருக்கிறது. ஓட்டி வந்தவர் மாமனார். வண்டியில் குழந்தை. அவர் இறங்கவில்லை, உள்ளே கூப்பிட்டதற்கும் வரவில்லை. அவள் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டதும், மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"ஏறும்மா. எனக்கும் அதே மாத்திரதான். ஒன்க்கு முந்தியே வந்துகீது."

"அப்டியா மாமா? போஸ்ட்மேன் இன்னும் படிக்கவே இல்லியே!" என்றாளாம் இவள்.

அவர் மாட்டைத் தட்டிக்கொடுத்திருக்கிறார். அவள் உள்ளே போய் மாத்திரையை எடுத்து, அவர் பார்க்க விழுங்கிவிட்டு, வண்டியில் ஏறினாள்.

அவருக்கு இரண்டு மாதம் தினம் ஊசி. ஊசி போட்டால் தலை சுற்றும். தனியாக வர முடியாது. ரேணுகா கூட வந்தாள். வெறும் வயிற்றில் வரக்கூடாது, நாஷ்டா முடித்துவிட்டு வர வேண்டும், எந்தக் கையில் நேற்றுப் போட்டது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊரில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? நோய் வந்த மருமகளை ஒதுக்காமல் தினம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற மாமனார் லட்சத்தில் ஒருவர் என்று. பஸ்ஸில் அவருக்கு இடம்விட்டு எழுந்தார்கள். கன்னியப்பன் கூச்சத்தோடு உட்கார்ந்துகொள்வாராம். "இன்னா பண்றது சார், தல சுத்துது அவருக்கு, பேரு எடுத்தும் குடுத்துட்டேன், ஒக்காரட்டும்" என்று சிரிப்பாள்.

இருவருக்கும் ஒரே தேதி கொடுத்தேன். அட்டைகள் இரண்டும் ஒரே அறையில் நின்றன. மாலையில் ஒருநாளும் மிச்சம் நின்றதில்லை.

அன்று முதல் ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். 'வீட்டில் தெரியாது. கடிதம் வேண்டாம். சந்தைநாளில் பார்க்கலாம்.' 'மாத்திரையை உப்பு ஜாடியில் ஒளித்துவைக்கிறார், ஈரம் பட்டுவிடுகிறது, மூடி போட்ட டப்பா கொடுக்க.' 'தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். காலை ஆறு மணிக்குள் போக.' தணிக்கைக்கு வந்த மேலதிகாரி இதைப் பார்த்துவிட்டு, அரசாங்க அட்டையில் கிறுக்குவதா, உடனே எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்றார். "அப்படியா" என்றார் டாக்டரம்மா. ஒரு ரப்பரை எடுத்து அவரிடமே கொடுத்தார். "எது தேவையில்லைன்னு நீங்களே படிச்சுப் பார்த்து அழிச்சுடுங்க சார்." அவர் முதல் அட்டையைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். மோர் வந்தது, குடித்துக்கொண்டே படித்தார். சாப்பாட்டு வேளை தாண்டியும் படித்தார். கடைசியில் ரப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த உப்பு ஜாடி அம்மாவுக்கு டப்பா குடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

மறு வருஷம் எனக்கு மஞ்சள்காமாலை வந்து வீட்டில் படுத்துவிட்டேன். ஒரு நாள் முற்பகலில் தபால்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். என் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சாம்பல். "அங்கயே படிச்சுடுங்க" என்றாள். அவர் படித்தார். பழகின குரல், நல்ல கனம்.

"காசநோய் சிகிச்சைப் பிரிவு. வேதாசலம் அவர்களுக்கு. தாங்கள் வரவேண்டிய தேதியில் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நோய் குணமானதுபோல் தோன்றினாலும் சிகிச்சையை நடுவில் நிறுத்தக்கூடாது. உடனே வரவும்."

எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம்.

கார்டை வாங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கார்டேதான். புள்ளிக்கோட்டில் என் பெயர், எட்டாவது வகுப்பின் உருண்டைக் கையெழுத்தில். அப்படியானால் டாக்டரம்மாவின் மேஜை இழுப்பறை ஒருமுறை திறந்திருக்கிறது.

"யார் அனுப்பினது?" என்றாள் மனைவி.

"ஒரு கேஸ்."

"என்ன கேஸ்?"

"அதைச் சொல்லக்கூடாது."

அந்த வாரம் எங்கள் வீட்டில் நிலவிய சூழ்நிலையைப் பற்றியும் சொல்லக்கூடாது. எதிர்வீட்டுக்காரர் ஏழு நாள் என்னிடம் பேப்பர் இரவல் கேட்கவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு நான் பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்தது அந்த வாரம்தான்.

குணமாகி வேலைக்குப் போன மாதம், அவர்கள் தேதியில் இருவரும் வந்தார்கள். ரேணுகா மாத்திரையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, எதுவுமே தெரியாதவள்போல் சுவரில் இருந்த எடை அட்டவணையைப் படித்தாள். கன்னியப்பன்தான் மேஜைமேல் குனிந்து கேட்டார்.

"கார்டு வந்துச்சா சார்?"

"வந்தது."

"யாரு படிச்சாங்க?"

"போஸ்ட்மேன்."

"ஒரக்கவா?"

"தெரு முழுக்க."

அவர் நிமிர்ந்தார். மருமகள் பக்கம் திரும்பி, "கெளம்பலாம்மா" என்றார். "படிச்சிட்டானாம்."